முதல் செயற்கைப் பாதம்: காப்பீட்டு நிறுவனத்திடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. நில அளவையாளராக வேலை பார்ப்பவர். நான்கு மாதங்களுக்கு முன் நேர்ந்த விபத்தில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. புண் நன்றாக ஆறிவிட்டது. இப்போது செயற்கைக் கால் பொருத்தும் கட்டத்துக்கு வந்திருக்கிறோம். கார்பன் ஃபைபர் பாதம் பொருத்திய காலை வல்லுநர் பரிந்துரைத்தார். காப்பீட்டு நிறுவனமோ காலுக்கு அனுமதி தந்துவிட்டு, பாதத்துக்கு மட்டும் "அடிப்படை வகையே போதுமானது, கேட்டிருக்கும் பாதம் மருத்துவரீதியாகத் தேவையற்றது" என்று எழுதிவிட்டது. அதற்கு ஆதாரமாக, "வாக்கர் உதவியுடன் அறைக்குள் நடக்கிறார்" என்று மருத்துவமனைக் குறிப்பில் இருக்கும் வரியைக் காட்டுகிறார்கள். "முதல் கால்தானே, இது போதும்" என்கிறார்கள் உறவினர்கள். இப்போது இதை ஏற்றுக்கொண்டால் பிறகு மாற்றித் தருவார்களா? அல்லது கைக்காசு போட்டு வாங்கிவிட்டுப் பிறகு கேட்டுப் பெறலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் அந்த வாக்கர் வரியைப் படித்ததும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. பல ஆண்டுகளாகச் செயற்கைக் கால் பொருத்தும் வேலையில் இருக்கும் நான், ஒருவர் தம் வாழ்க்கையிலேயே மிகவும் பலவீனமாக இருந்த வாரத்தில் எழுதப்பட்ட ஒரு வரியை வைத்து அவருடைய முதல் பாதம் முடிவு செய்யப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலை அகற்றிய சில நாள்களில், மயக்க மருந்தின் அசதியோடும் வலியோடும், தையல்கூடப் பிரிக்காத நிலையில் ஒருவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தால் அது பெரிய காரியம். அதைக் குறித்து வைத்தவர் அந்த நாளின் முன்னேற்றத்தைத்தான் குறித்தார். இனிமேல் இவரால் இவ்வளவுதான் முடியும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வரிக்குப் பக்கத்தில் இன்றைய தேதியிட்ட, அளந்து எழுதப்பட்ட வேறொரு சான்றை வைப்பதுதான்.

அதற்கு முன், மறுப்புக் கடிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். பாதத்துக்கான மறுப்புகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். பாலிசியிலேயே அந்தப் பொருளுக்கு இடமில்லை என்பது ஒன்று. இடம் உண்டு, ஆனால் தொகைக்கான உச்சவரம்பு தீர்ந்துவிட்டது என்பது இன்னொன்று. இடமும் உண்டு, தொகையும் உண்டு, உங்கள் கணவருக்கு அது தேவையில்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் வாதாட வேண்டியது பாலிசியின் வாசகத்தோடு. அங்கே மருத்துவச் சான்றுகளால் பெரிய பயன் இருக்காது. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை. மூன்றிலும் பதில் சொல்ல அதிக இடம் உள்ள மறுப்பு இதுதான், ஏனென்றால் தேவை உண்டா இல்லையா என்பது சான்றைப் பொறுத்தது, சான்றை உங்களால் திரட்ட முடியும்.

தேவையை அவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1995-இல் கால் இழந்தவர்களின் நடமாட்டத் திறனைக் கே-0 முதல் கே-4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. செயற்கைக் காலால் நடமாட்டம் எளிதாகப் போவதில்லை என்பது கே-0; சமதரையில், வீட்டுக்குள், ஒரே வேகத்தில் நடப்பது கே-1; சிறு படி, நடைபாதை விளிம்பு, கொஞ்சம் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கடந்து ஓரளவு வெளியில் போய்வருவது கே-2; வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பெரும்பாலான தடைகளைத் தாண்டி, வேலைக்கும் பிற தேவைகளுக்கும் நடப்பது கே-3; அதற்கும் மேலான ஓட்டம், விளையாட்டு, கடும் உழைப்பு கே-4. ஜெர்மனியிலும் இதற்கு இணையான 0 முதல் 4 வரையிலான வரிசை உண்டு. எந்த நிலைக்கு எந்தப் பாதம் என்பதும் ஏறக்குறைய இதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது: கே-1-க்கு அசையாத கணுக்கால் கொண்ட எளிய பாதம், கே-2-க்குப் பக்கவாட்டிலும் சாயும் பல அச்சுப் பாதம், கே-3-க்கும் அதற்கு மேலும் கார்பன் ஃபைபர் பாதம். உங்கள் காப்பீட்டு நிறுவனம் இந்தப் பெயர்களையே பயன்படுத்தாமல் இருக்கலாம். ஆனாலும் "அடிப்படை வகையே போதும்" என்று எழுதியவர் உங்கள் கணவரை மனத்துக்குள் கே-1 வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

இந்த வரையறைகளில் ஒரு சொல் இருக்கிறது. அதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையும் "இத்திறன் உள்ளவர்" என்று மட்டும் நின்றுவிடவில்லை, "இத்திறன் உள்ளவர், அல்லது இத்திறனை அடையும் வாய்ப்பு உள்ளவர்" என்றே எழுதப்பட்டிருக்கிறது. செயற்கைக் காலில் இன்னும் ஓர் அடிகூட வைக்காத ஒருவருக்கு இன்றைய திறன் என்று அளக்க என்ன இருக்கிறது? அவரைப் பொறுத்தவரை அந்த இரண்டாம் பாதிதான் முழு வரையறையும். ஆகவே காப்பீட்டு நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் கேளுங்கள்: எந்த அளவுகோலை வைத்து முடிவெடுத்தீர்கள், அதன் வாசகம் என்ன, அதில் அடையக்கூடிய திறன் கணக்கில் எடுக்கப்பட்டதா, முடிவெடுத்த மருத்துவருக்குச் செயற்கை உறுப்புத் துறையில் பயிற்சி உண்டா? பதில் வரும்போது உங்கள் மேல்முறையீட்டில் பாதி எழுதப்பட்டிருக்கும்.

அடையக்கூடிய திறனை வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள் என்பது உண்மை. அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 2002-இல் வெளியான அந்தச் சோதனைக்கு ஆம்ப்யூட்டீ மொபிலிட்டி பிரெடிக்டர் என்று பெயர். 21 செயல்கள் கொண்ட அதைச் செயற்கைக் கால் போட்டும் செய்யலாம், போடாமலும் செய்யலாம். நாற்காலியில் சாயாமல் உட்காருவது, கையை நீட்டி எட்டிப் பிடிப்பது, கையூன்றாமல் எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, தள்ளிவிட்டாலும் நிலைகுலையாமல் இருப்பது என்று எல்லாமே எளிமையானவை. கால் போடாமல் செய்தால் உச்ச மதிப்பெண் 43. அதில் 29 முதல் 36 வரை பெறுபவர் கே-3 நிலைக்கு உரியவராகக் கருதப்படுகிறார். உங்கள் கணவரின் புண் ஆறியிருப்பதால் இயன்முறை மருத்துவர் இதை ஒரே அமர்வில் செய்து மதிப்பெண்ணோடு எழுதித் தர முடியும். 46 வயதில், வெளிவேலை பார்த்த உடம்போடு இருக்கும் ஒருவர், வேறு நோயில்லாதவரானால் இதில் நன்றாகவே வாங்குவார் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

மருத்துவர் தரும் தேவைச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நோயாளி சுறுசுறுப்பானவர், தரமான பாதம் பரிந்துரைக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரியோடு வந்த சான்றிதழ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவை கோப்பில் தூங்குவதற்கு மட்டுமே உதவும். அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இவர் விபத்துக்கு முன் நாள்தோறும் பல மணி நேரம் சமமற்ற நிலத்தில் கருவிகளைச் சுமந்து நடந்தார். இடக்கால் முழு வலுவுடன் உள்ளது. வலது முழங்கால் முழுமையாக நீள்கிறது, மடங்குகிறது. வலது காலில் அகற்றியது போக எஞ்சிய பகுதியில் (எஞ்சிய காலில்) புண் இல்லை. இதய நோயோ மூச்சுத் திணறலோ இல்லை. கால் போடாத நிலையில் நடமாட்டச் சோதனை மதிப்பெண் இவ்வளவு. மீண்டும் அதே வேலைக்குத் திரும்புவது சிகிச்சையின் இலக்கு. அசையாத கணுக்கால் கொண்ட பாதத்தால் சரிவிலும் மேடுபள்ளத்திலும் நடக்கும்போது விழும் அபாயமும் எஞ்சிய காலில் புண் ஏற்படும் அபாயமும் உண்டு." இதில் இருப்பது ஒவ்வொன்றும் சரிபார்க்கத்தக்க செய்தி. பாதத்தின் வகை ஏன் தேவை என்பதும், அதைவிட எளிய வகை ஏன் போதாது என்பதும் தனித்தனியாகச் சொல்லப்பட வேண்டும். இரண்டாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை.

எளிய பாதம் ஏன் போதாது என்பதை உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் நாளை உறவினர்களுக்கு நீங்கள்தான் விளக்கப் போகிறீர்கள். 1950-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான சாச் பாதம்தான் அடிப்படை வகைகளில் பரவலானது. அதைக் கையில் எடுத்துக் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போகும். நடுப்பகுதியை அழுத்தினால் கட்டையை அழுத்துவது போலத்தான் இருக்கும், உள்ளே இருப்பதும் கட்டையோ கெட்டிப் பிளாஸ்டிக்கோதான். சமதரைக்கு அது நல்ல பாதம். விலை குறைவு, பழுதாக அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் சரிந்த கல்லின் மீது வைத்தால் நம்முடைய கணுக்காலைப் போல அது சாய்ந்து கொடுக்காது. அந்தச் சாய்வு அப்படியே மேலேறி, எஞ்சிய கால் நுழையும் கிண்ணம் போன்ற பாகமான சாக்கெட்டுக்குள் இருக்கும் காலின் தோலை ஒரு பக்கமாக அழுத்தும். சமதரையில் நடப்பவருக்கு எப்போதாவது நேரும் அந்த அழுத்தம், நில அளவையாளருக்கு நாள் முழுவதும் நேரும். கார்பன் பாதம் உடல் எடை ஏறும்போது வில் போல வளைந்து, அடி எடுக்கும்போது நிமிர்ந்து உந்தித் தருகிறது. முன்பகுதி நெடுக்காகப் பிளந்த வகைகளானால் கல்லின் மேல் ஒரு பாதி ஏறி மறு பாதி இறங்கி நிற்கும். அதைத் தேர்ந்தெடுப்பது உடல் எடையையும் நடமாட்டத்தின் கடுமையையும் வைத்துத்தான். ஆகவே அவர் தோளில் சுமக்கும் கருவிகளின் எடையையும் வல்லுநரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதால், கிடைப்பதில் உயர்ந்த பாதத்துக்குத்தான் சண்டை போட வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். "முதல் கால்தானே" என்று உறவினர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. நடை இன்னும் தேறாதவருக்கு மிக விறைப்பான கார்பன் பாதத்தைக் கொடுத்தால் அது வளையாமல் அவரை முன்னே தள்ளும், முழங்கால் தடுமாறும். மோட்டாரும் கணினிச் சில்லும் வைத்த கணுக்காலை இந்தக் கட்டத்தில் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மிதமான விறைப்புள்ள, பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்து தரும் கார்பன் பாதம் உங்கள் கணவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதைவிட நல்ல வழி, வல்லுநரிடம் சோதனைப் பாதம் கேட்பது. அனுமதி கிடைத்த காலிலேயே முதலில் எளிய பாதத்தையும், சில நாள் கழித்துக் கார்பன் பாதத்தையும் மாட்டி, இரண்டிலும் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, சரிவில் இறங்குவதைக் கைப்பேசியில் படம்பிடித்து, இரவில் சாக்கெட்டைக் கழற்றியதும் தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். மேல்முறையீட்டில் இதற்கு இணையான சான்று வேறு கிடையாது.

பாதத்தைத் தனியே மாட்டலாம், கழற்றலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்றைய கால்களில் சாக்கெட், நடுவில் வரும் குழாய், பாதம் எல்லாம் தனித்தனிப் பாகங்கள். பாதத்தின் தலையில் பிரமிடு வடிவ இணைப்பும் அதைச் சுற்றி நான்கு சிறு திருகுகளும் இருக்கும். உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் பாதத்தைவிட அவசரமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. எஞ்சிய கால் முதல் ஓராண்டு, ஒன்றரையாண்டு வரை வற்றிக்கொண்டே வரும். இன்று இறுக்கமாகப் பொருந்தும் சாக்கெட்டுக்குள் மூன்று மாதத்தில் இரண்டு காலுறை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், பிறகு ஐந்து, பிறகு சாக்கெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். முதல் காலை மொத்தமாக ஒரே தொகையாகக் கேட்டு வாங்கிவிட்டு, ஆறாம் மாதம் சாக்கெட்டுக்குப் போய் நின்றபோது "உங்களுக்குக் கால் கொடுத்தாகிவிட்டது" என்ற பதிலைப் பெற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே விண்ணப்பத்தில் சாக்கெட், லைனர் (சாக்கெட்டுக்குள் காலில் அணியும் மென்மையான உறை), குழாய், பாதம் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். உடல் மாற்றத்தால் சாக்கெட் மாறும்போது புதிய கிளெய்ம் ஏற்கப்படுமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். நல்ல பாதம் இப்போதே கிடைத்துவிட்டால் அடுத்த சாக்கெட்டுக்கும் அதே பாதத்தை மாட்டிக்கொள்ளலாம் என்பதும் உங்கள் பக்கத்து வாதமே. இரண்டு முறை பாதம் வாங்குவதைவிட ஒருமுறை சரியானதை வாங்குவது அவர்களுக்கும் இலாபம்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டவை. எளிய பாதத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு மாற்றித் தருவார்களா என்பது பாலிசியில் மாற்றீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல பாலிசிகள் இத்தனை ஆண்டுக்கு ஒன்று என்று காலவரம்பு வைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: அமெரிக்க மெடிகேர் திட்டத்துக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நோயாளியின் உடல்நிலை மாறினாலோ, பாகம் சரிசெய்ய முடியாதபடி கெட்டாலோ, பழுதுபார்க்கும் செலவு புதியதன் விலையில் 60 விழுக்காட்டைத் தாண்டினாலோ, மருத்துவர் உத்தரவின் பேரில் எத்தனை ஆண்டானாலும் பாராமல் செயற்கைக் காலை மாற்றலாம். உங்கள் பாலிசியில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். எதுவுமே இல்லாமல் ஐந்தாண்டு வரம்பு மட்டும் இருந்தால் எளிய பாதத்தை ஏற்பது ஐந்தாண்டுகளுக்கான முடிவாகிவிடும். அவர் நடக்கத் தொடங்குவதைத் தள்ளிப்போட முடியாத நிலை வந்தால், "மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல், பயிற்சிக் காலத்துக்காக மட்டும் பெற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வாங்குங்கள். நடையைத் தள்ளிப்போடாதீர்கள், முழங்கால் மடங்கியே இறுகிவிட்டால் எந்தப் பாதமும் உதவாது.

கைக்காசு போட்டு வாங்கிவிட்டுப் பிறகு கேட்பதை வேண்டாம் என்றே சொல்வேன். முன் அனுமதி தேவை என்று இருக்கும் பாலிசிகளில், வாங்கிய பிறகு கேட்டால் அந்த ஒரு காரணத்துக்காகவே மறுத்துவிடுவார்கள். எளிய பாதத்துக்கான தொகையை அவர்கள் தர, மீதியை நீங்கள் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சில நிறுவனங்கள் இசைகின்றன. கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் அப்படி வாங்கிய பாதம் பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே எழுதி வாங்க வேண்டும். மேல்முறையீட்டுக்கான கெடு மறுப்புக் கடிதத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தத் தேதியைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நிறுவனத்துக்குள்ளேயே செய்யும் மேல்முறையீடு தோற்றால், அதற்கு வெளியே குறைதீர்ப்பாளரோ தனி மறுஆய்வு அமைப்போ இருக்கும்; அங்கே போகும்போது முன்பு அனுப்பிய ஒவ்வொரு காகிதத்தின் நகலும், தொலைபேசியில் யாரிடம் எந்த நாளில் பேசினீர்கள் என்ற குறிப்பும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எதிரே வந்த வாகனத்தின் காப்பீட்டு நிறுவனம் என் தம்பியின் செயற்கைக் காலுக்கும் சேர்த்து ஒரு தொகை தருவதாகச் சொல்கிறது. முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவனுக்கு வயது 28. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இன்றைக்குப் போட வேண்டாம். தருவதாகச் சொல்லும் தொகையில் எத்தனை கால்களுக்கான செலவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரே ஒரு காலுக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று அஞ்சுகிறேன். பன்னாட்டுத் தர விதிகளின்படி ஒரு செயற்கைப் பாதத்தை இயந்திரத்தில் 20 இலட்சம் முறை மிதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவர் அந்தப் பாதத்தின் மீது 2,500 முறை ஏறுகிறார். 800 நாளில் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அன்றோடு பாதம் உடைந்துவிடும் என்று பொருளில்லை, சோதனையின் எடை அன்றாட நடையைவிடக் கடுமையானது. ஆனாலும் பல கார்பன் பாதங்களுக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் 2 அல்லது 3 ஆண்டுதான். 28 வயதுக்காரர் வாழ்நாளில் எத்தனை பாதங்களும், எத்தனை சாக்கெட்டுகளும், எத்தனை லைனர்களும் வாங்க வேண்டியிருக்கும் என்பதை ஒரு செயற்கை உறுப்பு வல்லுநரிடம் ஆண்டுவாரியாக எழுதி வாங்கி, வழக்கறிஞர் மூலம் அந்தக் கணக்கோடு பேசுங்கள். முழுத் தீர்வு என்று கையெழுத்திட்ட பிறகு இரண்டாவது பாதத்துக்குப் பொதுவாக அந்தக் கதவைத் தட்ட முடியாது. விபத்து வேலை நேரத்தில் நடந்ததானால், வேலை கொடுத்தவரின் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் பொறுப்பேற்க வேண்டியிருக்கலாம். அதையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயால் என் தந்தையின் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பணம் தந்த அதே மருத்துவக் காப்பீடு, செயற்கைப் பாதம் "உடலுக்கு வெளியே அணியும் சாதனம்" என்பதால் தர முடியாது என்கிறது. இது சரியா?

பதில்: பல மருத்துவமனைச் செலவுப் பாலிசிகளில் அப்படியொரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. உடலுக்குள் வைக்கும் தகடு, மூட்டு போன்றவற்றுக்குத் தருவார்கள். வெளியே அணிபவற்றுக்குத் தர மாட்டார்கள். இது மேலே சொன்ன முதல் வகை மறுப்பு என்பதால் மருத்துவரின் சான்றிதழோடு அலைய வேண்டாம். பாலிசியின் பயன்கள் பகுதியில் செயற்கை உறுப்பு என்று தனித் தலைப்பு இருக்கிறதா, விலக்கில் செயற்கை உறுப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா அல்லது பொதுவாகச் சாதனங்கள் என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக மட்டும் இருந்தால் குறைதீர்ப்பாளரிடம் வாதாட இடமுண்டு. உறுப்பிழப்புக்கு மொத்தத் தொகை தரும் இணைப்புப் பாலிசி எதுவும் அவர் பெயரில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஆனால் அவற்றில் சில விபத்தால் நேர்ந்த இழப்புக்கு மட்டுமே தருபவை. இதற்கிடையில் அவருடைய மற்றக் காலை நாள்தோறும் இரவில் விளக்கு வெளிச்சத்தில், விரலிடுக்கு உட்பட, நீங்களே பார்த்துவிடுங்கள். செயற்கைப் பாதம் வந்த பிறகு அந்தக் கால்தான் கூடுதல் எடையைத் தாங்கப் போகிறது.